ஆயுத பூஜையில் போட்ட அப்டேட்

போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணியது. சர்வீஸ் லைனுக்கு வந்து மூன்று மாசம் ஆகிறதாம்.

"சார், கஸ்டமர் மிஷினுக்கு பயாஸ் அப்டேட் வந்திருக்கு. போட்டுடட்டா?"

"மிஷினுக்கு என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். புதுசா வந்திருக்கு, அதான்."

"வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நான் பண்ணின கூத்தைச் சொல்லாமல் அந்தப் பொண்ணிடம் விறைப்பாகப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அதனால் எழுதுகிறேன். புதுசா வந்திருக்கிற எல்லாரும் படியுங்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். நீட்டி எழுத வராது.

பயாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தான் யாரென்று தெரிந்துகொள்வது பயாஸால். போர்டில் ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கும். அப்டேட் என்றால் அந்தச் சில்லில் இருப்பதை அழித்துவிட்டுப் புதுசாக எழுதுவது. பாதியில் கரண்ட் போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. மிஷின் அம்மிக்கல்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. ஆயுத பூஜை நாள். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பி மில். வீடு கட்டுகிற இரும்புக் கம்பி உருட்டுவார்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே லாரி எடை போடுகிற மேடை. லாரி காலியாக வந்து ஏறும், காலி எடை கம்ப்யூட்டரில் பதியும். உள்ளே போய் லோடு ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும். மொத்தத்தில் காலி எடையைக் கழித்து கம்ப்யூட்டர் சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டு இல்லாமல் கேட் திறக்காது. கையால் எழுதின சீட்டு வழியில் செக்போஸ்ட்டில் செல்லாது.

எடை மேடைக்கு கிளார்க் காதர் பாய். பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது அவர்தான்.

"மெக்கானிக்கு, மிஷினு தினம் காலீல ஜனவரி ஒண்ணாந்தேதின்னு காட்டுது. ஊரே ஆயுத பூஜைக்கு வந்துடுச்சு, இது மட்டும் தினம் நியூ இயர் கொண்டாடிக்கினு கீது. வந்து பாருபா."

போனேன். போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். தேதியைக் காப்பாற்றுவது அதுதான். தீர்ந்திருந்தது. மாற்றினேன். தேதி நின்றது. ஐந்து நிமிஷ வேலை. பையை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

கிளம்பவில்லை. பையில் ஒரு ஃப்ளாப்பி இருந்தது. முந்தின வாரம் வேறொரு கம்பெனியில் இதே மாதிரி போர்டு. வாங்கின பெரிய ஹார்ட் டிஸ்க்கை அது அடையாளம் காணவில்லை. புது பயாஸ் போட்டால் காணும் என்று போர்டுக்காரனே எழுதியிருந்தான். பிரவுசிங் சென்டரில் அந்த ஃப்ளாப்பியில் இறக்கி, போட்டேன். கண்டது. வாழ்க்கையில் நான் போட்ட முதல் பயாஸ். அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. டீக்கடையில் கேட்காதவனையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

மிஷினை ஆன் பண்ணினதும் திரையில் பழைய வருஷம் ஒன்று ஓடியது. காதர் பாய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது இன்னாபா, அரதப் பழசு வருசம் போட்டுக்கீது?"

"அது பயாஸ் வந்த தேதி பாய். பழசு."

"புதுசு கீதா?"

"கீது. பையிலேயே வெச்சிக்கினு கீறேன்."

"போட்டா இன்னா ஆவும்?"

இந்த இடத்தில் நில்லுங்கள். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்த மிஷினுக்குப் பெரிய டிஸ்க் கிடையாது, வேறு குறையும் கிடையாது. "நல்லா இருக்கும் பாய்" என்றேன். நல்லா இருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வெளியே லோடோடு மூன்று லாரி நின்றது. முதல் லாரி ஏழுமலையுடையது. கடம்பத்தூர்ப் பையன், முப்பது வயசு இருக்கும். திருத்தணியில் கம்பியை இறக்க வேண்டும். மறுநாள் விஜயதசமி. காலை ஏழு மணிக்குப் பொதட்டூர்பேட்டையில் அவனுக்கு நிச்சயதார்த்தம். இது மூன்றாவது தேதி. முதல் தடவை நிச்சயத்துக்குப் போன அன்று ஊத்துக்கோட்டையில் டயர் வெடித்தது. இரண்டாம் தடவை செக்போஸ்ட்டில் ஒரு நாள் முழுக்க நின்றான். பொண்ணோட அப்பா சொல்லிவிட்டாராம்: 'லாரிக்காரனுக்குப் பொண்ணு குடுக்கலாம், லாரிக்குக் குடுக்க முடியாது. இந்தத் தடவை வரலன்னா வேற எடம் பாத்துக்கறோம்.' அன்று மதியத்தோடு மில் மூடினால் அப்புறம் இரண்டு நாள் லீவு. லோடோடு உள்ளே மாட்டினால் டிரைவர் லாரியை விட்டு நகரக் கூடாது, அது அவன் ஓனர் சட்டம். இத்தனையும் எனக்குத் தெரியும். காலையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏழுமல, அஞ்சு நிமிசம் எடை நிறுத்தறேன்" என்றேன்.

"அஞ்சுன்னா அஞ்சுதானே அண்ணே?"

"அஞ்சுதான்."

"எங்க மாமனாரும் கடசியா இதத்தான் கேட்டாரு. அஞ்சு நிமிசம் லேட்டானா பரவால்ல, அஞ்சு நாளு லேட்டாகாதன்னு."

பின்னால் நின்ற டிரைவர்கள் கைதட்டினார்கள். நான் ஃப்ளாப்பியைச் செருகினேன்.

கரண்டைப் பற்றி யோசிக்காமல் இறங்கவில்லை. பக்கத்து உலைகளைப் பற்றவைத்தால் அந்த ஏரியாவே கண் சிமிட்டும். யூபிஎஸ்ஸின் பிளக்கை உருவிப் பார்த்தேன், பேட்டரி நன்றாகத் தாங்கியது. அழித்து எழுத ஆரம்பித்தது. திரையில் வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கால்வாசி வந்தபோது லைட் போனது. மெயின் பேனலுக்குச் சந்தனம் வைக்க ஆஃப் பண்ணியிருக்கிறார்கள். யூபிஎஸ் கீச்சென்று கத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் தாங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தாயா, நான் யார் என்று காதர் பாயைப் பார்த்தேன்.

அப்போது எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் வந்தார். பூஜைக்கும் அவர்தான் பெரிய ஆள். மில்லில் எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் ஈரத்துணி. எடை மேடைக்கு எல்லா லாரியும் போன பிறகுதான் பூஜை என்று பேச்சு. ஆனால் நான் எடையை நிறுத்திவிட்டேன் இல்லையா? மேடை காலி. முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கத்துகிறது. முப்பது வருஷ எலக்ட்ரீஷியன். ஈரத்துணி படும் முன்னால் என்ன செய்வார்? ஆஃப் பண்ணினார். துடைத்தார். மூன்று பொட்டு வைத்தார்.

திரை கறுப்பாச்சு.

"நைனா" என்றேன்.

"இன்னாபா? பொட்டு கோணலா கீதா?"

கரண்ட் வந்ததும் ஆன் பண்ணினேன். ஃபேன் சுற்றியது. திரை வரவில்லை. பத்துத் தடவை ஆன் பண்ணினேன். பத்துத் தடவையும் ஃபேன் மட்டும் சுற்றியது. ஏழுமலை கதவில் வந்து நின்றான்.

"அண்ணே, அஞ்சு ஆயிடுச்சு."

"ஏழுமல, இது செத்துப்போச்சு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான். லாரிகளின் காலி எடை எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள். மதியம் ஒரு மணிக்குள் கிளம்பினால்தான் திருத்தணியில் இறக்குகிற ஆள் இருப்பான்.

முனிரத்தினம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நானா கெடுத்தேன்?"

"இல்ல நைனா. நீ உன் வேலைய ஒழுங்கா செஞ்ச. உங்கிட்ட சொல்லாதது நானு."

இது பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யார் தப்பு என்று பேச ஆரம்பித்தால் அதற்கே ஒரு மணி ஆகிவிடும். தப்பை நான் எடுத்துக்கொண்டதும் பேச்சு முடிந்தது. அடுத்த வேலைக்கு இடம் கிடைத்தது.

மில்லில் இதே போர்டு இன்னொன்று இருந்தது. மேனேஜர் ரூமில். இரண்டும் ஒரே நாளில் வாங்கினது. இரண்டு வழி தோன்றியது. ஒன்று, ஆள் ஆளாகச் சொல்லிக் கேட்டிருந்த வித்தை. நல்ல மிஷினை ஆன் பண்ணி, ஓடும்போதே அதன் சில்லை உருவிவிட்டு, செத்த சில்லைச் செருகி, அதில் எழுதுவது. சில்லு உருவுகிற கொக்கி என் பையில் இருந்தது. என் கை துறுதுறு என்றது. அந்தத் துறுதுறுப்பை எனக்கு அடையாளம் தெரிந்தது. காலையில் ஃப்ளாப்பியை எடுத்ததும் அதேதான்.

கையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கை தவறினால் இரண்டு மிஷினும் போகும். ஒரு தப்பு பண்ணின கையோடு கெட்டிக்காரத்தனம் காட்டக் கூடாது. இரண்டாவது வழி மாட்டு வண்டி வழி. காலி எடையெல்லாம் பதிந்திருக்கிற எடை மேடை டிஸ்க்கைக் கழற்றி மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர் பெட்டியில் மாட்டுவது. அழகில்லை. வேலை நடக்கும்.

மேனேஜருக்கு போன் போட்டேன். சென்னையில் வீட்டுப் பூஜையில் இருந்தார்.

"சார், எடை மேடை மிஷின நான் கெடுத்துட்டேன். உங்க பொட்டிய ஒரு மணி நேரம் எடுத்துக்கட்டுமா?"

"எப்படிக் கெட்டுச்சு?"

"நல்லா இருந்துச்சு சார். நான் தொட்டேன்."

பின்னால் பூஜை மணி ஆட்டுகிற சத்தம் கேட்டது. "எடுத்துக்க. நைனாவக் கேட்டுக்க" என்றார்.

நைனாவைக் கேட்டேன். முடியாது என்றார்.

"பூ வெச்சாச்சுபா. பூ வெச்ச மிஷினு இன்னிக்கு ரெஸ்ட்டு. நாளைக்கு மறுபூஜ போட்டுத்தான் கை வெக்கணும். நான் வந்த நாள்லேர்ந்து இந்த மில்லுல ஒரு ஸ்பேனர்கூட இன்னிக்குத் தொட்டதில்ல."

ஏழுமலை அவர் காலில் விழப் போனான். பின்னால் இருந்த டிரைவர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "இருடா, மாமனாருக்கு கொஞ்சம் மிச்சம் வெய்யி."

காதர் பாய்தான் வாயைத் திறந்தார்.

"நைனா, ஒரு சந்தேகம். தொடக்கூடாதுன்றது பூஜ போட்டவங்களுக்கா, எல்லாருக்குமா?"

"போட்டவங்களுக்குத்தான்."

"நான் போடலியே?"

முனிரத்தினம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"பாய்" என்றார், "செருப்ப கயட்டிட்டு தூக்கு."

அப்புறம் நடந்ததை நான் இப்போது நினைத்தாலும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. காதர் பாய் செருப்பைக் கழற்றினார். மேனேஜர் ரூமுக்குள் போனார். சாமந்தி மாலையோடு, முகமெல்லாம் சந்தனத்தோடு அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாலையை எடுக்க நைனா விடவில்லை. அலுவலகத்திலிருந்து எடை மேடைக்கு இருநூறு அடி. முனிரத்தினம் பழக்கத்தில் கற்பூரத் தட்டோடு முன்னால் நடந்தார். உருட்டுகிற ஷெட்டிலிருந்து ஆட்கள் என்ன ஏது என்று கேட்காமலே வந்து சேர்ந்தார்கள். பொரி பறந்தது. மூன்றாவது லாரிக்காரர் வண்டியில் ஏறி ஏர்ஹாரனில் நாதஸ்வரம் மாதிரி வாசித்தார்.

"டேய் ஏழுமல, உன் ஊர்கோலம் நாளைக்குத்தானே? இன்னிக்கே கெளப்பிட்டாங்களேடா!"

"பொண்ணு செம வெயிட்டு போல, பாய் மூச்சு வாங்கறாரு!"

"மொதல்ல எடை போட்டுப் பாருங்கப்பா!"

நான் வெறுங்கையோடு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பக்கத்தில் நடந்தேன்.

மேடை ரூமில் பெட்டியை வைத்தார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். ஸ்க்ரூடிரைவரை காதர் பாயிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

காதர் பாய் அதுவரை ஸ்க்ரூடிரைவரைப் பிடித்ததில்லை. பேனா மாதிரி பிடித்தார்.

"இடது பக்கமா திருகு பாய்."

"எனக்கு இடதா, அதுக்கு இடதா?"

"உனக்கு."

மூடி திறந்தது.

"அந்த அகலமான ஒயர உருவு."

"வலிக்குமா?"

"பாய்!"

"இல்லபா, போர்டுக்குக் கேட்டேன்."

மேனேஜர் டிஸ்க் வெளியே வந்தது. எடை மேடை டிஸ்க்குக்கு இன்னும் பூ வைக்கவில்லை. அதனால் அதை நானே கழற்றினேன், நானே நீட்டினேன். உள்ளே மாட்ட மட்டும் பாய். ஒயரைத் தலைகீழாகச் செருகப் போனார். செவப்புக் கோடு கரண்ட் வருகிற பக்கம் இருக்க வேண்டும் என்று கத்தினேன். என்னோடு சேர்ந்து டிரைவர், கிளீனர், ஷெட் ஆட்கள் என்று பதினைந்து பேரும் "செவப்பு, செவப்பு!" என்று கத்தினார்கள். ஒருவருக்கும் எதற்கென்று தெரியாது. பெட்டிக்குள் ஒரு பொரி கிடந்தது. காதர் பாய் அதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு ஸ்க்ரூ உருண்டு காணாமல் போனது. மூன்று போதும் என்றேன்.

"சுவிட்சு அமுத்து பாய்."

அமுத்தினார். உள்ளே போகவில்லை. சுவிட்சு மேலேயே சந்தனம் வைத்து, காய்ந்து, ஒட்டிப் போயிருந்தது. முனிரத்தினம் மேல்கூரையைப் பார்த்தார். பாய் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அமுத்தினார்.

பீப் என்றது.

விண்டோஸ் வந்தது. புதுசாக ஏதேதோ கண்டுபிடித்தேன் என்று பத்துக் கேள்வி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் "வேணாம்னு அமுத்து" என்றேன். எடை புரோகிராம் திறந்தது. தேதி சரியாக இருந்தது. ஏழுமலை ஓடிப்போய் லாரியை மேடை மேல் ஏற்றினான். எண் ஆடியது, நின்றது. காலையில் பதிந்த காலி எடை தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பிரிண்டர் கர்ர்ர் என்று இழுத்தது. காதர் பாய் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

ஏழுமலை சீட்டுக்கு முத்தம் கொடுத்தான். அப்புறம் காதர் பாய்க்கு. பாய் "தூ, எச்சி" என்று துடைத்துக்கொண்டார். முனிரத்தினம் சக்கரத்துக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

"நைனா, இப்ப லாரிக்கும் பூஜ போட்டாச்சு. ரெஸ்ட்டு இல்லியா?"

"அதுக்குச் சக்கரம் கீதுபா. போய்ச் சேரு."

நசுக்கென்று நாலு பழமும் உடைந்தது. கேட் திறந்தது.

மில் மறுபடி திறந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பேட்டரி மாற்ற வந்தவன் ஏன் பயாஸில் கை வைத்தாய் என்று ஒரே கேள்வி. முடியும் என்பதற்காகப் போட்டேன், அவ்வளவுதான். அதையே சொன்னேன். சில்லைச் சென்னைக்கு எடுத்துப் போய் எழுதிக்கொண்டு வந்தேன். பழைய பயாஸையே எழுதச் சொன்னேன். அந்த மிஷின் அதற்கப்புறம் பல வருஷம் அதே பழசோடு எடை போட்டது.

பயாஸ் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ போட்டிருக்கிறேன். டிஸ்க் தெரியவில்லை, புது பிராசசர் ஏறவில்லை, போர்டுக்காரனே இந்தக் கோளாறுக்கு இதுதான் மருந்து என்று எழுதியிருக்கிறான் என்றால் போடுங்கள். போட்டால் என்ன சரியாகும் என்று கஸ்டமருக்கு ஒரு வரியில் சொல்ல முடியவில்லையா, ஃப்ளாப்பியைப் பைக்குள்ளேயே வையுங்கள். இப்போது ஃப்ளாப்பி இல்லை, தெரியும். போடுகிற நேரத்தில் ரூமில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள், துடைப்பம் பிடித்தவர் வரைக்கும். யூபிஎஸ் இருக்கிறது என்று நம்பாதீர்கள். அதற்கும் ஒரு சுவிட்சு உண்டு.

ஏழுமலை என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சாயந்திரமே லோடை இறக்கிவிட்டான். மறுபடி தப்பிவிடுமோ என்று பயம். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பொதட்டூர்பேட்டைக்கு விட்டு, பொண்ணு வீட்டு வாசலிலேயே லாரியை நிறுத்தித் தூங்கியிருக்கிறான். விடிகாலை கோலம் போட வந்த மாமியார் டயரைப் பார்த்து அலறினாராம். மாமனார் வந்து பார்த்துவிட்டு, "நேரத்துக்கு வாய்யான்னு சொன்னோம், ராத்திரிக்கே வான்னு சொன்னமா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, இவன் குளிக்கத் தானே வெந்நீர் எடுத்து வைத்தாராம்.

தை மாசம் பத்திரிகையோடு மில்லுக்கு வந்தான். அன்று நானும் அங்கே பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். முதல் பத்திரிகை காதர் பாய்க்கு. இரண்டாவது நைனாவுக்கு. மூன்றாவதை என்னிடம் நீட்டினான். நான் பிடித்தேன். அவன் விடவில்லை.

"அண்ணே, கண்டிசனா வரணும். மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்கும், மைக் செட்டு இருக்கும், சீரியல் லைட்டு இருக்கும். எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கும்."

"சரி."

"ஒண்ணுத்துலயும் கைய வெக்கக்கூடாது."

போனேன். ஜெனரேட்டர் கொஞ்சம் இருமிக்கொண்டுதான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து இலையை மட்டும் தொட்டேன்.